வானூர்தி வாழ்க்கை: ஏறுமுன் எண்ணுக!

மனிதன் மண்ணில் நடக்கப் பிறந்தவன். ஆயினும் அவன் மனம் என்றும் விண்ணையே நாடி வந்திருக்கின்றது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். அரசி விசயை அதனைச் செலுத்தப் பழகுகின்றாள். பகை சூழ்ந்த நாளில் கருவுற்றிருந்த அவளை அப்பொறி வானில் ஏற்றிச் செல்கின்றது. ஆனால் அது சென்று இறங்கிய இடமோ சுடுகாடு!

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திச் சிறகு கட்டிப் பறந்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ குறிப்பிடுகின்றார். சிறிது தொலைவு காற்றில் சென்ற அவர், இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தன் வாலின் துணையால் இறங்குகின்றது என்பதை அவர் எண்ணிப் பாராது விட்டதே காரணம் என்று அவ்வரலாறு கூறும். தமிழ்க் காப்பியமும் அரபு வரலாறும் ஈண்டு ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. ஏறுவதற்கு ஆர்வம் போதும். இறங்குவதற்கோ முன்னறிவு வேண்டும்.

இப்பாடம் இன்று நம் வீட்டு முற்றத்திற்கே வந்துவிட்டது. ஆலங்குளத்தைச் சுற்றிலும் கரிசல் நிலம். 1970-இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை இவ்வூருக்கு ஒரு முகவரியைத் தந்தது. ஒருபுறம் இராசபாளையத்தின் நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளும். மறுபுறம் சிவகாசியின் அச்சகங்களும் பட்டாசு ஆலைகளும். தந்தை ஆலையில் முறைப்பணி பார்த்தார். மகன் வளைகுடா சென்றான். பேரன் இப்போது, 'விமானி ஆகலாமா?' என்று கேட்கின்றான். பேரனோடு பேர்த்தியும் கேட்கின்றாள். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1,622 பேர் வணிக விமானி உரிமம் பெற்றனர். அவர்களுள் நூற்றுக்குப் பதினெண்மர் பெண்கள். ஆதலின் இக்கேள்வியை 'நமக்கேன் இந்த ஆசை?' என்று தள்ளிவிடுதல் தகாது. பயிற்சி நிலையத்தின் வண்ண விளம்பரத்தை நம்பி நிலத்தை விற்கப் புறப்படுதலும் தகாது.

பின் எவ்வாறு முடிவு செய்வது? வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து செயல்வகை' என்றோர் அதிகாரமே வகுத்துள்ளார். கையை விட்டுப் போவது எது, கைக்கு வருவது எது, அதன் வழியாகப் பின்னர் விளையும் பயன் எது என மூன்றையும் சீர்தூக்கியே ஒரு செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. இம்மூன்று தட்டுகளிலும் வைத்தே விமானிப் பணியை நிறுத்துப் பார்ப்போம். அவ்வாறு நிறுத்தால், பெரிய நிறுவனத்தின் பெரிய விமானத்தையே குறியாகக் கொண்டு கடனில் மூழ்குவதைவிட, வட்டார விமான நிறுவனத்தின் சிறு விமானத்தில் தொடங்குவதே நடுத்தரக் குடும்பத்து இளைஞர்க்கு ஏற்ற வழி என்பது என் துணிபு. அவ்வழியிலும் உள்ள முட்களை மறையாது கூறுதல் ஆசிரியர் கடமையாதலின் அவற்றையும் சொல்வேன்.

கையை விட்டுப் போவது

விமானியாவதற்கு முதலில் வேண்டுவது உடல்தகுதி. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்ற மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை, பின்னர் முதல் வகுப்புச் சோதனை எனப் படிகள் உள. கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையன்று. நிறங்களைப் பிரித்தறிய இயலாமையோ தடையாகலாம். அடுத்து, வான்வழிச் செலுத்தம், வானிலையியல், வான் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் முதலிய தாள்களில் நூற்றுக்கு எழுபது மதிப்பெண்ணேனும் பெறல் வேண்டும். அதன்பின் 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெறல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதி. அதனைத் தளர்த்துவது பற்றி 2025-இல் பேச்சு எழுந்தது. ஆகவே அவ்வப்போதுள்ள விதியை இயக்குநரகத்திடமே கேட்டறிதல் நன்று.

இவற்றுள் பணத்தை விழுங்குவது பறத்தல் பயிற்சியே. இந்தியாவில் உரிமம் பெறுவதற்கே ஏறத்தாழ அரைக் கோடி உரூபாய் ஆகின்றது. உரிமம் கையில் வந்துவிட்டால் விமான நிறுவனம் உடனே அழைத்துக் கொள்ளும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஏர்பஸ் 320 ஆயினும் ஏ.டி.ஆர். 72 ஆயினும், குறிப்பிட்ட அவ்வகை விமானத்தை ஓட்டுவதற்குத் தனித் தகுதி பெறல் வேண்டும். 'டைப் ரேட்டிங்' எனப்படும் அதற்குப் பின்னும் பல இலட்சம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் பள்ளிப் படிப்பு முடித்தாரைத் தேர்ந்தெடுத்து, உரிமம் முதல் இத்தகுதி வரை சேர்த்துப் பயிற்றும் 'கேடட்' திட்டங்களில் செலவு ஒரு கோடியை எட்டும், சிலவற்றில் கடக்கும்.

இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 இலட்சம் உரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன் வாங்கினால் ஓராண்டின் வட்டி மட்டும் 5 இலட்சம். அஃதாவது, மாதம் ஏறத்தாழ 41,700 உரூபாய். உரிமம் பெற்று வேலைக்காக இரண்டாண்டு காத்திருந்தால், முதலில் ஒரு காசும் குறையாமல் வட்டியாக மட்டும் 10 இலட்சம் ஏறிவிடும். ஆலைத் தொழிலாளியும் கடை வைத்திருப்பவரும் தாங்கக் கூடிய சுமையா இது? வட்டியை விலக்கப்பட்டதாகக் கருதும் நம் இல்லங்களில் இதற்கு மார்க்கத்தின் தடையும் உண்டு. ஒருபால் மகனின் கனவு, மறுபால் மனச்சான்று. இவ்விரண்டிற்கும் இடையே தந்தை தவிப்பதை நாம் காண்கின்றோம்.

எனவே செலவின் வரிசையை மாற்றுக என்பதே என் முதல் அறிவுரை. சில ஆயிரங்களில் முடியும் மருத்துவச் சோதனையை முதலில் செய்துகொள்க. தேர்வுத் தாள்களை வீட்டிலிருந்தே படித்து முதலில் எழுதித் தேறுக. இவ்விரண்டும் கைகூடிய பின்னரே பறத்தல் பள்ளிக்குப் பணம் கட்டுக. பணத்தை முழுதும் கட்டிவிட்டுப் பின்னர் மருத்துவச் சோதனையில் தகுதி இழந்தால், வாலின்றிப் பறந்த இப்னு ஃபிர்னாஸின் நிலையே வாய்க்கும்.

வழிகள் நான்கு

விமானியின் ஆசனத்தை அடைய இன்று நான்கு வழிகள் தெரிகின்றன.

முதல் வழி படைத்துறை. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் வாயிலாகவோ, பட்டம் பெற்றபின் விமானப்படைப் பொதுத் தேர்வின் வாயிலாகவோ சேரலாம். குறுகிய காலப் பணியில் பறப்போர் 14 ஆண்டுகள் பணியாற்றுவர். பயிற்சிக்குச் செலவில்லை, ஊதியமும் நாட்டுத் தொண்டு செய்த பெருமையும் உண்டு. போட்டி மிகக் கடுமை. ஆயினும் பணமில்லாத அறிவாளி மாணவர்க்குத் திறந்திருக்கும் வாயில்களுள் இதுவே பெரிது. நம் மாணவர் இதனை ஏறெடுத்தும் பாராமலிருப்பது வருந்தத்தக்கது.

இரண்டாம் வழி பெரிய நிறுவனத்தின் கேடட் திட்டம். செலவு மிகுதி, ஆனால் வேலைக்குரிய பாதை ஓரளவு வகுக்கப்பட்டிருக்கும். 'ஓரளவு' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகின்றேன்.

மூன்றாம் வழி, உரிமம் பெற்றபின் பயிற்றுநர் தகுதியும் பெற்றுப் பறத்தல் பள்ளியிலேயே பணியாற்றுதல். ஊதியம் குறைவு, எனினும் பறந்த மணிகள் ஏறும். ஒன்றைக் கற்பிப்பவனே அதனை இருமுறை கற்கின்றான் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை. இந்திய விமான நிலைய ஆணையம் 2022-இல் பறத்தல் பள்ளிகளுக்கென ஒதுக்கிய நிலையங்களுள் நம் சேலமும் ஒன்று. ஃபர்சத்கஞ்சிலுள்ள இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகத்திற்கு உத்தரப் பிரதேசம் வரை சென்றுதான் ஆகவேண்டும் என்ற நிலை இனி இல்லை.

நான்காம் வழியே நாம் விரித்து நோக்க வேண்டிய வட்டார விமான நிறுவனம்.

சிறு விமானம் சிறுமையன்று

மத்திய அரசு 2016 அக்டோபரில் 'உடான்' என்னும் வட்டார இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பயணத்திற்குக் கட்டணம் 2,500 உரூபாய் என வரம்பு கட்டி, நட்டத்தை ஈடு செய்ய அரசு உதவும் என்பது அதன் சாரம். 2017 ஏப்ரல் 27-இல் சிம்லாவிலிருந்து தில்லிக்கு அதன் முதல் விமானம் பறந்தது. அதனை இயக்கிய அலையன்ஸ் ஏர், ஏர் இந்தியா 2022-இல் டாட்டா குழுமத்திடம் சென்ற பின்னும் அரசின் கையிலேயே நின்றது. ஸ்டார் ஏர், 2024-இல் கோவாவிலிருந்து பறக்கத் தொடங்கிய ஃபிளை 91, ஒன்பது இருக்கைச் சிறு விமானங்களைக் கொண்ட இந்தியாஒன் ஏர் ஆகியவையும் இவ்வகையின. பெரிய நிறுவனமான இண்டிகோவும் 2017 இறுதியில் ஏ.டி.ஆர். விமானங்களைக் கொண்டு சிற்றூர்ப் பயணங்களைத் தொடங்கியது.

நம் தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். அங்கு முன்னர் இருந்த ஓடுபாதை ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே. ஜெட் விமானங்கள் அதனை நாட இயலா. காற்றாடி சுழலும் சிறு விமானங்களே ஆண்டுக் கணக்கில் அங்கு வந்து நம் மக்களை ஏற்றிச் சென்றன. 2025 சூலை 26-இல் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டது. பெரிய ஓடுபாதை வரும்வரை வானவழியைக் காத்தவை சிறு விமானங்களே என்பதை மறத்தல் ஆகாது.

இத்தகைய விமானத்தில் துணை விமானியாய் அமர்வோன் பெறுவது யாது? ஏ.டி.ஆர். விமானம் 25,000 அடி உயரத்திற்கு மேல் செல்லாது. மழை மேகமும் காற்றின் குலுக்கலும் மிகுந்த கீழ்வானிலேயே அதன் பாதை அமையும். பயணத் தொலைவு குறைவாதலின் ஒரே நாளில் பலமுறை ஏறவும் இறங்கவும் வேண்டும். கடல் கடந்து பல மணி நேரம் பறக்கும் பேரூர்தியின் துணை விமானிக்கு ஒரு திங்களில் கிட்டும் இறங்கும் வாய்ப்புகளை, இவன் ஒரு வாரத்தில் பெற்றுவிடுவான். நீளம் குறைந்த ஓடுபாதை, ஆடம்பரக் கருவிகள் இல்லாத நிலையம், மலையோரக் காற்று ஆகியவற்றோடு பழகிய கை பிற்காலத்தில் எந்த விமானத்திலும் நடுங்காது.

மணிக்கணக்கிலும் பயன் உண்டு. தலைமை விமானிக்கு வேண்டிய உயர்நிலை உரிமத்திற்கு 1,500 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். 200 மணியோடு பணியில் சேர்பவன் ஆண்டுக்கு 650 மணி பறந்தால், இரண்டே ஆண்டுகளில் அவ்வெல்லையைத் தொடுகின்றான். ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறத்தல் கூடாது என்பது விதி. சிறு நிறுவனத்தில் மூப்பு வரிசையும் குறுகியதாதலின், தலைமை விமானியாகும் வாய்ப்புப் பெரும்பாலும் விரைந்து வரும்.

தூத்துக்குடித் தோணித் துறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அங்கே தோணியின் தலைவனைத் 'தண்டல்' என்பர். சிறுவனாய்த் தோணியில் ஏறி, கயிறிழுத்து, பாய் விரித்து, காற்றின் குறிப்பறிந்த பின்னரே ஒருவன் தண்டல் ஆனான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் எவரும் முதல் நாளே பெருங்கப்பலின் சுக்கானைப் பிடித்தவர் அல்லர்.

பிற நாடுகளும் இதனையே கூறும். அமெரிக்காவில் வட்டார நிறுவனமே பெரிய நிறுவனத்தின் வாயிற்படி. ஆனால் அப்படியில் அமர்ந்தோர்க்குக் கூலி குறைவு, ஓய்வும் குறைவு என்ற நிலை நெடுநாள் நீடித்தது. 2009 பிப்ரவரி 12-இல் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் என்னும் வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 உயிர்கள் மாண்டன. விமானிகளின் களைப்பும் பயிற்சியும் ஊதியமும் அப்போது நாடெங்கும் பேசப்பட்டன. அதன் விளைவாக 2010-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என விதி கடுமையாயிற்று. நம் நாட்டில் 200 மணியோடு பயணிகள் விமானத்தின் துணை ஆசனத்தில் அமரலாம். அமர்வது எளிதாதலின், அமர்ந்த பின் கற்கும் பொறுப்பு நம் இளைஞர்க்கு மிகுதி. அக்கல்விக்கு வட்டார விமானம் நல்ல பள்ளிக்கூடம்.

பின்னர் விளைவது

இனி மூன்றாம் தட்டு. நாம் சேரும் கூடு நிலைத்து நிற்குமா?

1953-இல் நாட்டின் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. அச்சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. சிற்றூர்களை இணைக்க அரசு 1981-இல் தொடங்கிய வாயுதூத் பன்னிரண்டே ஆண்டுகளில் இந்தியன் ஏர்லைன்சோடு இணைக்கப்பட்டது. கேரளத்து வர்க்கலைப் பகுதியில் பிறந்து, மும்பையில் பயண முகவராய் வளர்ந்த தகியுத்தீன் வாஹித் 1992-இல் ஈஸ்ட் வெஸ்ட் நிறுவனத்தைப் பறக்கவிட்டார். தனியார் விமானத் துறையின் விடிவெள்ளியாய் விளங்கிய அவர் 1995 நவம்பர் 13-இல் கொலையுண்டார். அடுத்த ஆண்டே நிறுவனமும் ஓய்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1990-களின் நடுவில் பறந்த என்.இ.பி.சி. நிலைக்கவில்லை. மதுரைத் துணித் தொழில் குழுமம் ஒன்று 2005-இல் தொடங்கிய பாரமவுண்ட் 2010-இல் நின்றது.

2020-இல் வெளிவந்த 'சூரரைப் போற்று' திரைப்படத்தை மாணவர் பலர் கண்டிருப்பர். கேப்டன் கோபிநாத் வரலாற்றைத் தழுவிய அப்படம் வெற்றியோடு முடிகின்றது. வரலாறோ அங்கு முடியவில்லை. 2003-இல் ஏ.டி.ஆர். விமானத்தோடு எழுந்த ஏர் டெக்கான், எளிய மக்களை வானில் ஏற்றிக் காட்டியது; ஐந்தாண்டுகளுக்குள் கிங்பிஷரோடு கலந்து மறைந்தது. அந்தக் கிங்பிஷர், விமானிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஊதிய நிலுவை வைத்து 2012 அக்டோபரில் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே திங்களில் கோ பர்ஸ்ட் எனப் பெரியவையும் வீழ்ந்தன. உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சு 25-இல் சேலத்தை இணைத்த ட்ரூஜெட் 2022-இல் இயக்கத்தை நிறுத்தியது. சேலத்திற்குச் சேவை மீண்டது 2023 அக்டோபரில், வேறு நிறுவனங்களால்.

இவ்வரலாறு கூறுவது ஒன்றே. பெரியது நிலைக்கும், சிறியது அழியும் என்ற எண்ணத்திற்கு ஆதாரம் இல்லை, இரண்டும் வீழ்ந்திருக்கின்றன. விழுந்த நாளில் கரைசேர்ந்தவர் எவர்? பதிவேட்டில் மணிகளை மிகுதியாக ஏற்றியவரும், தலையில் கடனைக் குறைவாக ஏற்றியவருமே. நிறுவனத்தின் பெயர் பலகையோடு போய்விடும். பறந்த மணி விமானியோடு இருக்கும்.

வட்டார வழியிலுள்ள முட்களையும் கூறிவிடுகின்றேன். காற்றாடி விமானத்திலிருந்து ஜெட் விமானத்திற்கு மாற மீண்டும் வகைத் தகுதி பெறல் வேண்டும். அதற்குப் பணமோ, பணி ஒப்பந்தமோ கேட்பர். வளைகுடா நிறுவனங்கள் பல ஜெட் விமானத்தில் பறந்த மணிகளையே பெரிதாக மதிக்கும். ஆதலின் இளமையிலேயே வளைகுடா செல்லும் எண்ணமுடையோர் இதனைக் கணக்கில் கொள்க. மேலும், 2017-இல் இயக்குநரகம் வகுத்த விதியின்படி துணை விமானி ஆறு திங்களும், தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்புத் தந்தே விலகுதல் வேண்டும். இவ்விதி பற்றி வழக்குகளும் எழுந்துள்ளன. எனவே ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன், எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, இடையில் விலகினால் எவ்வளவு தண்டம், நிறுவனமே மூடப்பட்டால் அத்தண்டம் உண்டா என்ற மூன்று கேள்விகளை வழக்கறிஞர் ஒருவர் துணையோடு கேட்டறிதல் கடன்.

ஓய்வையும் எண்ணுக. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. இரவுப் பணி வரம்பும் இறுகியபோது போதிய விமானிகளை வைத்திராமையால், அவ்வாண்டு டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை இரத்து செய்ய நேர்ந்தது. விமானிக்குத் தேவை உண்டு என்பதை அது காட்டிற்று. உறக்கமின்றி உழைக்கும் தொழில் இது என்பதையும் உடன் காட்டிற்று.

மொழியும் விமானியும்

தமிழ்த் துறையார்க்கு விமானத்தில் என்ன வேலை என்று எவரேனும் வினவலாம். 1977 மார்ச்சு 27-இல் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். வானொலியில் பேசிய சொற்களை ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறாகவும் கொண்டது அதன் காரணங்களுள் ஒன்று. அன்று முதல் விமானியின் சொற்கள் இன்னும் கட்டிறுக்கம் பெற்றன. 2008 முதல் பன்னாட்டு வான்வழியில் பறப்போர் ஆங்கிலத்தில் நான்காம் நிலைத் திறனேனும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி.

இதனைக் கேட்டுத் தமிழ்வழி பயின்ற மாணவர் அஞ்ச வேண்டா. விமானிக்கு வேண்டுவது அலங்கார ஆங்கிலம் அன்று. ஐயத்திற்கு இடமின்றிச் சுருங்கச் சொல்லும் திறன். சொல்லின் பொருளெல்லை அறிந்து, வேண்டாத சொல்லை நீக்கிப் பேசும் பயிற்சியைத் தாய்மொழியில் பெற்றவன் அதனைப் பிறமொழியிலும் எளிதில் பெறுவான். நாள்தோறும் ஒரு மணி நேரம் உரக்கப் படித்துப் பழகினால் ஓராண்டில் நா திருந்தும்.

சமுதாயம் செய்யத்தக்கது

இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என அறிவித்தவர் ஆகா கான். பார்சிகளான ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஆஸ்பி எஞ்சினியரும், சீக்கியரான மன்மோகன் சிங்கும் அதற்குப் பறந்தனர். வென்றவர் பதினேழே வயதான ஆஸ்பி. அவர் பின்னாளில் இந்திய விமானப்படைத் தலைவரானார். ஒரு முஸ்லிம் தலைவரின் கொடை எல்லா இன இளைஞரின் சிறகையும் விரித்தது.

அண்மைக் காலத்திற்கும் ஒரு சான்று உண்டு. ஹைதராபாத் நகரில் அடுமனைத் தொழிலாளி ஒருவரின் மகளான சையிதா சல்வா ஃபாத்திமா விமானியாக விழைந்தார். 'சியாசத்' உருது நாளேட்டின் ஆசிரியர் ஜாஹித் அலி கான் துணை நின்றார். 2007-இல் பயிற்சி தொடங்கிய அவர் 2013-இல் உரிமம் பெற்றார். ஆயினும் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணமின்றிக் காத்திருந்தார். தெலங்கானா அரசு ஏறத்தாழ 36 இலட்சம் உரூபாய் அளித்த பின்னரே அவர் பாதை திறந்தது. வறுமையும் ஹிஜாபும் அவருக்குத் தடையாகவில்லை. உரிமத்திற்கும் வேலைக்கும் இடைப்பட்ட அந்தக் காலமே பெருந்தடையாக நின்றது என்பதைச் சமுதாயப் பெரியோர் உன்னிப்பாக நோக்க வேண்டும்.

ஜமாஅத் தலைவர்களுக்கும் கொடையாளர்களுக்கும் பணிவோடு ஒன்று கூறுவேன். ஒருவனை விமானியாக்கும் அரைக் கோடியில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பட்டம் பெறுவர். ஆதலின் பைத்துல்மால் பணம் முழுவதையும் ஒருவன் கனவில் கொட்டுதல் நீதியாகாது. ஆனால் மருத்துவச் சோதனைக்கும், தேர்வுக் கட்டணத்திற்கும், நூல்களுக்கும் உதவுதல் நம் கைக்கு எட்டியதே. அவற்றில் தேறி, உரிமமும் பெற்று, வகைத் தகுதிக்காக நிற்கும் தகுதியுடைய ஒருவர்க்கு வட்டியில்லா அழகிய கடனைப் பலர் கூடி வழங்கலாம். பணியில் சேர்ந்தபின் அவர் திருப்பித் தர, அப்பணம் அடுத்தவர்க்குச் செல்லும். அண்டை ஊர்களின் ஜமாஅத்துகள் இணைந்து இதனைத் தொடங்கலாகாதா? இயற்பியல், கணிதத் துறைகள் வானிலையியலையும் வான்வழிச் செலுத்தத்தையும் மாலை வகுப்புகளாக நடத்தலாகாதா?

பெற்றோர்க்கும் ஒரு சொல். விமானத் துறை விமானியோடு முடிவதன்று. இயற்பியலும் கணிதமும் கற்ற இளம் அறிவியல் பட்டதாரி, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் தேர்வை எழுதலாம். விமானப் பராமரிப்புப் பொறியியலும் நல்ல துறையே. எனவே பறக்கும் ஆசையுள்ள பிள்ளையும் ஒரு பட்டத்தைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். உடல்நலக் குறைவால் ஒருநாள் மருத்துவர் 'இனிப் பறத்தல் கூடாது' என்றால், அன்று அவனைத் தாங்கும் நிலம் அப்பட்டமே.

மாணவச் செல்வங்களே! விமானியின் சீருடையில் தோளிலுள்ள பொற்கோடுகளைக் கண்டு மயங்க வேண்டா. அவை ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் உழைத்துப் பெற்றவை. முதலில் உடலைச் சோதித்துக் கொள்ளுங்கள். தாள்களை எழுதித் தேறுங்கள். பட்டத்தைக் கைவிடாதீர்கள். தாயின் நகையும் தந்தையின் நிலமும் உங்கள் சிறகின் எடையில் சேர்ந்தவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுபது இருக்கைச் சிறு விமானத்தின் துணை ஆசனம் கிடைத்தால் இழிவென்று எண்ணாதீர்கள். அதில் அமர்ந்து ஆயிரம் முறை ஒழுங்காக இறங்கியவனைப் பேரூர்தி தானே தேடி வரும்.

அன்று தூத்துக்குடியிலோ மதுரையிலோ இறங்கும் விமானத்தில், 'தலைமை விமானி ஆலங்குளத்துக்காரர்' என்று பயணிகள் பேசிக்கொள்வர். அந்நாள் விரைவில் வர வல்ல இறைவன் அருள்புரிவானாக!